மூன்றாம் அறையின் பதில்

ஜன்னல் திரை வழியே வடிந்த வெயில் அப்பாவின் போர்வைமேல் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு மறுநாள். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே அவர் எங்கோ மிதந்தார். பக்கத்து நாற்காலியில், மடியில் லேப்டாப்போடு நானும் மிதந்தேன்.

அந்த ஆஸ்பத்திரியின் அழைப்பு மணிகளைக் கவனித்துக்கொள்வது எங்கள் மென்பொருள்தான். ஒவ்வோர் அறையின் மணிப் பெட்டியையும் நெட்வொர்க் வழியாக, “இருக்கிறாயா?” என்று கேட்கும். பதில் வந்தால் திரையில் பச்சை. முன்பெல்லாம் ஒரு பெட்டியைக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கும், ஆமை வேகம். என்னோடு வேலை செய்யும் பையன் ஒருவன், அவசரக்குடுக்கை என்றால் எல்லோருக்கும் தெரியும், நேற்றுப் புது லைப்ரரி ஒன்றை, யாரோ எழுதிவைத்த தயார் நிரலை, போட்டு அதை மாற்றிவிட்டான். கேள்வியை வீசிவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம், பதில் வரும்போது வரட்டும். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

“வலிக்குதாப்பா?”

அவர் ஏதோ சொன்னார். அதற்குள் என் கண் திரைக்குப் போய்விட்டது. பச்சை, பச்சை, பச்சை. பார்க்கப் பார்க்கக் கண் சொருகியது.

“மணி அடிச்சேம்மா. யாரும் வரல.”

“வருவாங்கப்பா. மணி நல்லாத்தான் இருக்கு, பாருங்க, பச்சை.”

“பச்சைன்னா சரி,” என்று மறுபடி அழுத்தினார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

என்னவோ உறுத்தியது. அப்பா இருந்த மூன்றாம் அறையின் பதிலைத் திறந்து முழுதாகப் படித்தேன். ஒவ்வொரு பெட்டியும் தன் பெயரையும் சேர்த்தே அனுப்பும். அதில் நாலாம் அறை என்றிருந்தது. அப்படியானால் அப்பாவின் மணி யாருக்கும் கேட்கவே இல்லை.

தூக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஓடினேன். நர்ஸ் வந்து போர்வையை விலக்கினார். கட்டு முழுக்க ரத்தம்.

“இப்பவாவது கூப்பிட்டீங்களே!” என்றவர் டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே கட்டை அழுத்திப் பிடித்தார்.

தையலைச் சரிசெய்யும்வரை நடைபாதையில் நின்று அவசரக்குடுக்கையைப் போனில் பிடித்தேன். “ஒரு கனெக்‌ஷனை எத்தனை த்ரெட் பிடிச்சிட்டிருக்கு?”

“எல்லாமேதான்க்கா. வேகமா இருக்குல்ல?”

“உன் வேகத்துல கொள்ளிய வைக்க!”

ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் உண்டு. பதில் அந்த எண்ணோடுதான் திரும்பும். கேள்விகளைச் சுமந்து ஒரே சமயத்தில் ஓடும் த்ரெட்கள் ஒரே கனெக்‌ஷனில் முண்டியடித்ததில் இரண்டு கேள்விகளுக்கு ஒரே எண் போயிருக்கிறது. ஒரே டோக்கனை இரண்டு பேருக்குக் கொடுத்தால் சாப்பாடு மாறத்தானே செய்யும்? மூன்றாம் அறைப் பெட்டி செத்துக் கிடந்தது. நாலாம் அறையின் பதில் அதன் கணக்கில் விழுந்தது.

“ஒரு த்ரெட்டுக்கு ஒரு கனெக்‌ஷன்னு லைப்ரரி குறிப்புலயே போட்டிருக்குக்கா. அப்புறம் படிச்சுக்கலாம்னு...” என்று இழுத்தான். பழையதையே திரும்பப் போடச் சொன்னேன்.

அப்பாவை மறுபடி கட்டிலில் கிடத்தியபோது வெயில் சுவருக்கு ஏறியிருந்தது. லேப்டாப்பை மூடி நாற்காலிக்கு அடியில் தள்ளினேன்.

“வலிக்குதாப்பா?”

உதடு அசைய வெகுநேரமாயிற்று. அவர் முகத்தையே பார்த்துக் காத்திருந்தேன்.

“ஆமாம்மா,” என்றார். “அப்பவே சொன்னேனே.”