மட்டியைப் பற்றிப் பேசக்கூடாது

இட்டாகுரா அம்மாள் நொட்சுவுக்கு இரண்டு நிபந்தனைகள் போட்டிருந்தார். ஒன்று, மட்டியைப் பற்றிப் பேசக்கூடாது. இரண்டு, காலமான மனைவியைப் பற்றிப் பேசக்கூடாது. இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் நொட்சுவிடம் மிச்சம் இருப்பது வானிலை மட்டும்தான். மே மாதத்துப் புதன்கிழமை, வானத்தில் மேகமே இல்லை. அதுவும் ஒரே வாக்கியத்தில் முடிந்துபோனது.

நொட்சு இவாவோவுக்கு அறுபத்திரண்டு வயது. இரும்புக் கூடை மாட்டிய நீளக் கழியை ஏரியின் அடியில் இழுத்து மட்டிச் சிப்பி வாருவது அவர் தொழில். நாற்பது வருடமாக அதுதான் தெரியும். மனைவி போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. போன குளிர்காலத்தில் ஒருநாள், சோறு வெந்ததும் பாட்டுப் பாடுகிற ரைஸ் குக்கரிடம், "கேட்டுச்சு, கேட்டுச்சு, வர்றேன்" என்று வாய்விட்டுப் பதில் சொன்னார். சொன்ன பிறகு பயம் வந்துவிட்டது. மறுநாளே போய் இட்டாகுரா அம்மாளிடம் மறுமணத்துக்குப் பெயர் கொடுத்தார்.

அம்மாள் அந்த ஊரில் முப்பத்தொரு ஜோடிகளைச் சேர்த்து வைத்தவர். அவர் பார்த்துக் கொடுத்த முதல் பெண்ணிடம் நொட்சு ஒன்றரை மணி நேரம் மட்டியைப் பற்றிப் பேசினார். இரண்டாவது பெண்ணிடம் மனைவியைப் பற்றிப் பேசியதோடு நிற்காமல் அழுதும் தொலைத்தார். இரண்டு பேருமே அன்று மாலை அம்மாளுக்குப் போன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதுதான் முறை. சரியோ, வேண்டாமோ, ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் சொல்லக்கூடாது. அன்றைக்கே அம்மாளிடம் சொல்ல வேண்டும், அம்மாள் மற்றவருக்குச் சொல்வார். யாருக்கும் மனக்கசப்பு வராது.

"இது மூணாவது. இதுவும் போச்சுன்னா என்கிட்ட வேற ஆள் இல்ல, நொட்சு-சான்" என்று சொல்லித்தான் ஏரிக்கரைக் கலைக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார். காரணம் இல்லாமல் இல்லை. அந்தக் கலைக்கூடம் சூரியன் மறைந்து அரை மணி கழித்துத்தான் மூடும். மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் ஏரி. படம் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள்கூட அஸ்தமனம் பார்க்க அங்கே வந்து உட்காருவார்கள். பிடிக்கவில்லை என்றால் அந்தப் பெண் ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள், ஆறு தாண்டி உட்கார்ந்தால் நம்பலாம், சூரியன் இறங்கும்போது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாக அம்மாள் சொன்னார்.

கடோவாக்கி சயோகோ பதினொரு மணிக்கு வாசலில் நின்றிருந்தாள். ஐம்பத்தேழு வயது, ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் வேலை, புருஷனை விட்டுப் பிரிந்து பதினைந்து வருடம். இவ்வளவும் அம்மாள் முன்பே சொன்னது. அவள் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் நிதானமாக நின்றாள். நொட்சு முதல் அறையை நாலு நிமிடத்தில் முடித்துவிட்டு, தவறு செய்துவிட்டோம் என்று உறைத்ததும் திரும்பி வந்து அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். மூலையில் நாற்காலியில் இருந்த காவல்காரப் பெண் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது அறையில் வந்தது வினை. பெரிய படம். விடியற்கால ஏரி, ஒரு படகு, அதில் ஒருவன் கழியைப் பிடித்து மட்டி வாருகிறான். இரண்டு காலையும் ஒட்ட வைத்து, கோயிலில் கும்பிட நிற்பவன்போல நிற்கிறான். அப்படி நின்று கழியை இழுத்தால் அடுத்த நிமிடம் ஆள் தண்ணீருக்குள். நொட்சுவுக்கு உள்ளங்கால் கூசியது.

"இப்படித்தான் வாருவீங்களா?" என்று சயோகோ மெல்லக் கேட்டாள்.

நொட்சு பல்லைக் கடித்துக்கொண்டார். "நல்ல நிறம்" என்றார்.

அவள் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள்.

மதியம் அங்கேயே இருந்த உணவகத்தில் ஸ்பாகெட்டி வாங்கினார்கள். அதிலும் மட்டி. இது நம் ஏரி மட்டிதானா என்று அவள் கேட்டாள். ஓட்டைப் பார்த்தே ஏரியின் எந்த மூலையில் எடுத்தது என்று சொல்லக்கூடிய மனிதர், "இருக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. வெயில் நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறையாகச் சொன்னார். ஆமாம் என்றாள்.

மதியத்துக்கு மேல் இரண்டு பேரும் கீழே இருந்த சிலைகளையும் பானைகளையும் பார்த்தார்கள், கடையில் படம் போட்ட அட்டைகளைப் புரட்டினார்கள், காப்பி குடித்தார்கள். சண்டை சச்சரவு எதுவும் இல்லாத, உப்புச் சப்பும் இல்லாத நாள். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சயோகோ கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இந்தப் பெண்ணை நொட்சுவுக்குப் பிடித்திருந்தது. அவசரமில்லாமல் நிற்கிறாள், பொய்யாகச் சிரிப்பதில்லை, தட்டில் ஒரு மட்டிகூட மிச்சம் வைக்கவில்லை. ஆறு மணி பஸ் வந்தது, போனது. அவள் கிளம்பவில்லை.

ஆறரைக்கு இருவரும் கண்ணாடிச் சுவருக்கு எதிரே நீளச் சோபாவில் உட்கார்ந்தார்கள். சூரியன் மறைய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. சொல்ல வேண்டிய நாலு வார்த்தையை நொட்சு மனத்துக்குள் அடுக்கிப் பார்த்தார். கண்ணாடி வழியாக இதமான சூடு முழங்காலில் விழுந்தது. சோபாவோ மெத்தென்று இருந்தது. மட்டி வாருகிறவர்கள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மாலை ஏழு மணிக்குப் படுத்துவிடுவார்கள், விடுமுறை நாள் என்பதெல்லாம் உடம்புக்குத் தெரியாது. தூங்கக்கூடாது என்பதை மூன்றாவது நிபந்தனையாகப் போட வேண்டும் என்று இட்டாகுரா அம்மாளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

யாரோ தோளைத் தொட்டார்கள். காவல்காரப் பெண். மூடப்போகிறோம் என்று பணிவாகச் சொன்னாள். கண்ணாடிக்கு வெளியே ஏரி கறுத்துக் கிடந்தது. சோபாவில் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

நொட்சு தன்னைத் தானே திட்டிக்கொள்ளக்கூடத் தெம்பில்லாமல் வெளியே வந்தார். இனிமேல் சாகும்வரை ரைஸ் குக்கரோடுதான் பேச்சு என்று நினைத்துக்கொண்டார். தன் லாரியை நிறுத்தியிருந்த இடத்துக்கு ஏரிக்கரைப் புல்வெளி வழியாகத்தான் போக வேண்டும். அங்கே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒருத்தி தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"போயிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார்.

"போயிருக்கணும்" என்றாள் சயோகோ. "நீங்க விட்ட குறட்டையில எல்லாரும் சூரியனை விட்டுட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தாங்க. ஒரு பொண்ணு போட்டோகூட எடுத்தா. நீங்க யாரோ நான் யாரோன்னு எழுந்து வந்துட்டேன்."

நொட்சு இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டார். எப்படியும் காரியம் கெட்டுவிட்டது, இனி எதைக் காப்பாற்ற வேண்டும் என்று நிமிரும்போது தோன்றியது.

"காலைல பார்த்தோமே, அந்தப் படம் தப்பு" என்றார். "அப்படிக் காலைச் சேர்த்து வச்சு நின்னா தலைகுப்புற ஏரிக்குள்ளதான் விழுவான். ஒரு காலை முன்னாடி வச்சு, முதுகால இழுக்கணும்." புல்லில் நின்று இல்லாத கழியை இழுத்தும் காட்டினார்.

"அப்போ நல்ல நிறம்னு ஏன் சொன்னீங்க?"

"மட்டியைப் பத்திப் பேசக்கூடாதுன்னு இட்டாகுரா-சான் சொல்லிட்டாங்க."

சயோகோ வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் சிரிப்பு அடங்கவில்லை. "என்கிட்ட ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பத்திப் பேசக்கூடாதுன்னாங்க. பதினைஞ்சு வருஷமா நான் வேற என்னத்தைக் கண்டேன்?"

அதற்குப் பிறகு இருவரும் பேசினார்கள். உப்பில்லாத கஞ்சியை முந்நூறு பேருக்கு ருசியாக வைப்பது எப்படி என்று அவள் சொன்னாள். மதியம் தின்ற மட்டி ஏரியின் கிழக்கு மூலையில் எடுத்தது, அளவு சிறிசு, என் கூடையில் வந்திருந்தால் திருப்பித் தண்ணீரில் விட்டிருப்பேன் என்று அவர் சொன்னார். கடைசியில் சொல்லியே ஆகவேண்டியதையும் சொன்னார்.

"வீட்டுல என் மனைவி போட்டோ இருக்கு. தினமும் காலைல அவளுக்கு முதல்ல சோறு வச்சுட்டுத்தான் நான் சாப்பிடுவேன். அதை எடுக்க மாட்டேன்."

"யாரு எடுக்கச் சொன்னா?" என்றாள் சயோகோ. குரலில் கோபம்கூட இருந்தது.

நொட்சுவுக்குக் கண் கலங்கியது. இந்த முறை அடக்கிக்கொண்டார். "அப்போ உங்க பதில்..." என்று தொடங்கினார்.

"அதை உங்ககிட்டச் சொல்லக்கூடாது. இட்டாகுரா-சான்கிட்டதான் சொல்லணும்."

கடைசி பஸ்ஸும் போயிருந்ததால், நொட்சு தன் குட்டி லாரியில் கொண்டுவிடுவதாகச் சொன்னார். இரண்டு நாளாகத் தேய்த்துக் கழுவியும் உள்ளே மட்டி வாடை அடித்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். பாலம் தாண்டியதும் ஒரு மருந்துக் கடையின் வெளிச்சம் தெரிந்தது.

"அந்த மருந்துக் கடைகிட்டக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள்.

உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. காதுல அடைச்சுக்கற ரப்பர் விப்பாங்களே, அது வாங்கணும். நல்ல தடிமனா இருக்கறதாப் பார்த்து வாங்கணும்."

நொட்சு லாரியை ஓரமாக நிறுத்தினார். அவள் இறங்கிப் போய் வாங்கி வரும்வரை ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு இட்டாகுரா அம்மாள் நல்ல சேதி சொல்ல அவருக்கு மூன்று முறை போன் செய்தார். நொட்சு எடுக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தார்.