மறுபக்கம் தேய்ந்த கரண்டி

நாற்காலிகளை நேராக்குகிற சாக்கில் அக்கா வந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எழுபத்தொன்று. அவள் கணவர் இறந்தபோது வந்தவர்கள் நாற்பதைத் தாண்டவில்லை. அவர் தலைமைப் பொறியாளர். அவளோ கல்லூரி முதல்வராக ஓய்வு பெற்றவள். கூடத்தில் கண்ணை மூடிக் கிடக்கிற தங்கை, முப்பத்தொரு வருஷம் அருங்காட்சியகத்தின் பின்னறையில் உடைந்த பானைகளை ஒட்டிக்கொண்டிருந்தவள். ஒரு பதவி உயர்வு கிடையாது. ‘ஓட்டாஞ்சில்லு’ என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்ததே அக்காதான்.

அந்த ஓட்டாஞ்சில்லுக்கு இத்தனை பேரா!

“பெரியம்மா, கொஞ்சம் உக்காருங்களேன். காலையிலேர்ந்து நிக்கிறீங்க,” என்றாள் தங்கையின் மகள்.

“யாருடி இவங்கல்லாம்?”

“அம்மாகிட்ட வேலை கத்துக்கிட்டவங்க. அந்தத் தாடிக்காரர் ரெண்டு ரயில் மாறி வந்திருக்கார்.”

“என் மாணவங்களும் ஆயிரக்கணக்குல இருக்காங்க. சொல்லி அனுப்பினா வருவாங்க.”

“இவங்களுக்கு யாரும் சொல்லி அனுப்பல பெரியம்மா.”

அக்காவுக்கு வயிறு எரிந்தது. செத்துக் கிடப்பவளைப் பார்த்தா எரியவேண்டும் என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் எரிந்தது. வாசலில் இன்னொருவர் காலெடுத்து வைத்தார். எழுபத்திரண்டு.

அவர் அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர். தங்கையின் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, நேராக அக்காவிடம் வந்தார்.

“நீங்கதானே அந்த அக்கா? இடக்கை அக்கா?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பேச்சை யாரும் எடுத்து அறுபது வருஷம் ஆகிறது. சின்ன வயதில் அவளை அடித்து அடித்து எழுத்தை வலக்கைக்கு மாற்றினார்கள். அடுப்படியில் மட்டும் யாரும் கவனிக்காததால் இடக்கைப் பழக்கம் அப்படியே தங்கிவிட்டது.

“ஒரு பழைய தெருவைத் தோண்டினப்ப பதினெட்டு மண் கரண்டி கிடைச்சுதும்மா. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தினது. பதினேழு ஒரு பக்கமா தேஞ்சிருந்துது. ஒண்ணு மட்டும் மறுபக்கம். சூளையில கோணிப்போச்சுன்னு நாங்க எழுதி வச்சுட்டோம். உங்க தங்கச்சி சிரிச்சாங்க. ‘எங்க அக்கா கரண்டி இப்படித்தான் தேயும். இவளும் இடக்கைக்காரிதான். ஆனா பாருங்க, இவளை யாரும் அடிச்சு மாத்தல. இவ்வளவு தேயற வரைக்கும் விட்டிருக்காங்க’ன்னாங்க.”

அடி வாங்காத அந்த யாரோ ஒருத்தி மேலும் அக்காவுக்குப் பொறாமை வந்தது.

“அதுக்குப் பக்கத்துல உங்க கரண்டியை வைக்கணும்னு அவங்களுக்கு ஆசை. அட்டைகூட எழுதி வச்சிருந்தாங்க,” என்று சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். தங்கையின் குண்டு குண்டு எழுத்து. ‘இடக்கைக்காரியின் கரண்டி. இக்காலம். தந்தவர்: என் அக்கா.’

“கல்லூரி முதல்வர்னு போடலியா?”

“இல்லம்மா. அக்கான்னு மட்டும் போதும்னாங்க.”

மருத்துவமனையில் தங்கை மூன்று முறை அந்தக் கரண்டியைக் கேட்டாள். உன் பெருமைக்கு என் கரண்டி வேறு வேண்டுமா என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைத் தூக்கிப் போட்டு வருஷமாச்சு என்று கூசாமல் பொய் சொன்னாள்.

“தூக்கிப் போட்டுட்டேன்னு அவகிட்ட அப்பவே சொன்னேனே,” என்றாள் இப்போது, குரல் இறங்கி.

“சொன்னாங்க. ஆனா அவங்க நம்பல. ‘எங்க அக்கா பிடிவாதக்காரி. கொஞ்ச நாள் ஆகும், குடுத்துடுவா’ன்னாங்க.”

அக்கா விருட்டென்று வாசலை நோக்கித் திரும்பினாள். “நாலு மணிக்கு அவளை எடுத்துடுவாங்க. அதுக்குள்ள உங்க கையில குடுத்துடணும். வாங்க சார், ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு.”

சமையலறையில், காலையில் கஞ்சி காய்ச்சிய பாத்திரத்திலேயே கரண்டி கிடந்தது. கஞ்சி அதன்மேல் காய்ந்து வெள்ளையாகப் பிடித்திருந்தது. அவசரமாக எடுத்துக் குழாயைத் திறந்தாள்.

“ஐயோ, கழுவாதீங்கம்மா!” என்றார் வாசற்படியில் நின்ற காப்பாட்சியர். “எங்களுக்கு அவங்க முதல்ல சொல்லிக்குடுத்ததே அதுதான். ஒட்டியிருக்கறதைக் கழுவிட்டா, என்ன சாப்பிட்டாங்க, எப்படி வாழ்ந்தாங்கன்னு எதுவும் தெரியாமப் போயிடும்.”

அக்கா குழாயை மூடினாள். ஒட்டிய கஞ்சியோடு, இடக்கையாலேயே கரண்டியை அவரிடம் நீட்டினாள்.