அப்பா சொல்லும் நேரம்

ஃபாரிங்டன் நிலையத்தின் நகரும் படிகளில், வலப்பக்கம் வரிசையாக நின்றவர்களைக் கடந்து இடப்பக்கத்தால் கோசிகா இறங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. தம்பி லக்‌ஷன்.

“அக்கா, எங்க நிக்கிறாய்?”

“ஃபாரிங்டன். ட்ரெயின் மாறப் போறன். அப்பா எப்பிடி?”

“பத்து ஆக இன்னும் அஞ்சு நிமிசம்தான். டொக்டர் வந்திட்டார். நீ இன்னும் ஃபாரிங்டன் எண்டுறாய்.”

“அம்மா பத்து எண்டு சொன்னவா. அப்ப பத்தரைதானே?”

மறுமுனையில் காற்றுத் தள்ளும் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது.

“அக்கா,” என்றான். “இது உண்மையான பத்து.”

அவர்கள் வீட்டில் நேரம் எப்படி ஓடியது என்பதை வெளியாள் ஒருவருக்கு முதலிலிருந்துதான் சொல்ல வேண்டும். அப்பா சிவானந்தன் பெற்றோல் நிலையத்தில் சனி, ஞாயிறு முழுக்க வேலை செய்தவர். பிள்ளைகளோடு வெளியே போவதென்றால் பள்ளி விடுமுறையில் வரும் வாரநாட்கள்தான். வாரநாளில் காலை ஒன்பதரைக்குப் பிறகு ஏறினால்தான் மலிவு டிக்கெட் செல்லும். அதற்காக அவசரமில்லாமல் ஆறுதலாகவும் போக முடியாது. அவர்கள் வழக்கமாகப் போகும் சவுத்எண்டில் கடல் வற்றினால் ஒரு மைல் தள்ளிப் போய்விடும். கரையில் வெறும் சேறுதான் கிடக்கும். அந்த வற்றும் பெருக்கும் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்திக்கொண்டே போகும். ஆகவே அவர் கடல் பெருகும் நேர அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்து, கோடையில் கடிகாரத்தை முன்தள்ளுவதற்காக ஒரு மணி கூட்டி, எந்த நாளில் மதியத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்று பார்த்துத்தான் நாள் குறிப்பார். ஒன்பதரைக்குப் பிறகு வரும் முதல் ரயிலைத் தவறவிட்டால், கடலையே தவறவிட்டது போல.

அதனால் அவர் வீட்டாருக்குச் சொல்லும் நேரம் எப்போதும் அரை மணி முந்தியதாக இருக்கும். பதினொரு வயதில், வீட்டுக்குப் பக்கத்துச் செவன் கிங்ஸ் நிலையத்தின் ரயில் நேரப் பலகையை அண்ணாந்து பார்த்து கோசிகா அதைக் கண்டுபிடித்தாள். தம்பிக்கும் சொல்லிக் கொடுத்தாள். அன்றிலிருந்து இருவரும் அரை மணி கழித்தே எழும்பினார்கள். அவர் நாற்பது நிமிடம் ஆக்கிப் பார்த்தார். அவர்களும் நாற்பது நிமிடம் தூங்கினார்கள். கடைசியில் ஒருவரும் வாய்திறந்து பேசாத ஓர் உடன்படிக்கை போல அது அரை மணியிலேயே நின்றது. கல்யாண வீடென்றாலும் கோயிலென்றாலும், அம்மா சொன்னாலும் அது அப்பாவின் நேரம்தான்.

இன்று காலை ஏழு மணிக்கு அம்மா அழைத்தாள். “பத்து மணிக்கு மாஸ்க்கைக் கழட்டுவினமாம். அதுக்கு முதல் வந்திடு பிள்ளை.”

கோசிகா யோசித்து அரை மணி கூட்டவில்லை. கூட்டல் தானாகவே நடந்தது. மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரி கூட்டிக்கொண்டு போகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றாள். நகரின் மறுகோடியில் அவள் குடியிருக்கும் சட்டனில், பள்ளிக்கூட வாசலில், பிள்ளை திரும்பிக் கை காட்டும்வரை நின்றாள்.

ஃபாரிங்டன் மேடையில் முதலில் வந்த ரயில் வேறு வழியில் அபி வுட் போவது. விட்டுவிட வேண்டியிருந்தது. அடுத்ததற்கு ஐந்து நிமிடம் என்றது பலகை. மேடையோரக் கண்ணாடிக் கதவில் நெற்றி முட்டும் அளவுக்கு நெருங்கி நின்றாள்.

சிவானந்தனின் நுரையீரல் காய்ந்து இறுகிப்போயிருந்தது. முகத்தோடு இறுக்கிக் கட்டிய மாஸ்க் வழியாக இயந்திரம் அழுத்தித் தள்ளும் காற்றில்தான் ஒன்பது நாள் கிடந்தார். இனி அது நோயை மாற்றாது, நாளைத்தான் நீட்டும் என்று டொக்டர் விளக்கியபோது, நேற்று ஒரு தாளில் “போதும்” என்று எழுதிக் காட்டியவர் அவர்தான். முதலில் மூச்சு முட்டாமல் இருக்க ஊசி, பிறகு கழற்றுவது. அதன்பின் ஒரு மணி நேரமும் ஆகலாம், சில நிமிடமும் ஆகலாம்.

வைட்சப்பல் தாண்டும்போது லக்‌ஷன் மறுபடி எடுத்தான்.

“இவ்வளவு நேரமும் உனக்காகப் பாத்துக்கொண்டிருந்தவை அக்கா. அவருக்குத்தான் ஏலாமப் போச்சு. தானே கையைக் கொண்டுபோய் மாஸ்க்கை இழுத்திட்டார். போனைக் காதில வைக்கிறன். கதை.”

ரயில் பெட்டி நிறைய ஆட்கள். எதிரே ஒருவர் பயணப் பெட்டியை முழங்காலால் தாங்கிக்கொண்டிருந்தார். கோசிகா வாயைத் திறந்தாள். மன்னிப்பு என்பதற்கு அவள் வீட்டில் புழங்கிய சொல் என்னவென்று தேடினாள். அப்படி ஒன்று அகப்படவில்லை.

“அப்பா,” என்றாள். “ஸ்ட்ராட்ஃபோர்ட் வந்திட்டன்.”

மூச்சின் சத்தம் கேட்டது. இயந்திரத்தின் சத்தமில்லை, அவருடையது. ஒன்று, நீண்ட இடைவெளி, பிறகு இன்னொன்று.

“மேரிலண்ட், அப்பா.” அந்தக் காலத்தில் திரும்பி வரும்போது பிள்ளைகள் தூங்கிவிடாமல் இருக்க அவர் நிலையங்களைச் சொல்லவைப்பார். “ஃபொறஸ்ட் கேட். கதவு திறக்குது. பூட்டுது. வெளிக்கிட்டுது.” எதிரே நின்ற பயணப் பெட்டிக்காரர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். “மனர் பார்க். இனி இல்ஃபோர்ட். அதுக்கடுத்தது நாங்கள்தான்.”

இல்ஃபோர்டில் ரயில் நின்றது. “இல்ஃபோர்ட்,” என்றாள். காத்திருந்தாள். கதவு மூடிற்று. “அப்பா, இல்ஃபோர்ட் தாண்டிட்டன்.”

“அக்கா,” என்றது லக்‌ஷனின் குரல். “ஆறுதலா வா.”

செவன் கிங்ஸில் இறங்கிப் போனபோது, ஆஸ்பத்திரி வார்டில் திரைச்சீலை இழுத்துவிடப்பட்டிருந்தது. அவர் கன்னங்களில் மாஸ்க்கின் பட்டி பதிந்த தடம் இரண்டு பக்கமும் சிவப்பாக இருந்தது. கை இன்னும் சூடாக இருந்தது. கோசிகா அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பத்தெட்டு.

அம்மா கமலேஸ்வரி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தத் தாள். ‘போதும்’ என்பதற்குக் கீழே இன்னொரு வரி, கோணலாக: கோசிகாவுக்கு ஒன்பதரை எண்டு சொல்லு.

“காலமை எழுதினவர்,” என்றாள் அம்மா. “நான்தான் கேக்கேல்லை. சாகக் கிடக்கிற மனுசன்ர விசயத்தில என்னெண்டு பொய் சொல்லுறது? பத்து எண்டே சொன்னன்.” தாளை நீவிவிட்டாள். “ஒன்பதரை எண்டு சொல்லியிருந்தா வந்திருப்பியோ பிள்ளை?”

கோசிகா தம்பியைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இல்லை அம்மா. நான் ஏழரைக்கே வெளிக்கிட்டிட்டன். வழியில ட்ரெயினை நிப்பாட்டி வைச்சிட்டாங்கள்.”

“அவ்வளவு நேரமோ?”

“ஓம் அம்மா,” என்றான் லக்‌ஷன், தலை நிமிராமல். “எனக்கு மெசேஜ் போட்டவா.”

அம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். நீலம், கைபட்டுக் கைபட்டு அடிப்பாகத்தில் நிறம் போனது. சவுத்எண்ட் கரையில் நான்கு பேருக்கும் அதன் மூடி ஒன்றுதான் கோப்பை. சின்னவன் முதல், பிறகு கோசிகா, பிறகு அம்மா. மிச்சம் அப்பாவுக்கு.

“விடியப் போட்ட தேத்தண்ணி,” என்றாள் அம்மா. “ஒருத்தரும் ஒண்டும் குடிக்கேல்லை.”

மூடியில் ஊற்றி லக்‌ஷனிடம் நீட்டினாள். அவன் இரண்டு மிடறு குடித்தான். கோசிகா குடித்தாள். அம்மா குடித்தாள். குடித்துவிட்டு, அடியில் ஒரு வாய்த் தேநீர் கிடந்த மூடியை, முகத்தைத் திருப்பாமலே, கட்டில் பக்கமாக நீட்டினாள்.

நீட்டிய கை அங்கேயே நின்றது.

கோசிகா குனிந்து மூடியை வாங்கிக்கொண்டாள்.