காய்ச்சிய பறை

கடிதத்தில் நேர்காணல் பத்து மணிக்கு என்றிருந்தது. நிபுணர் குழு பன்னிரண்டே காலுக்கு வந்து, டீ குடித்து, விசிறியைச் சரிபார்த்து உட்கார்ந்தது. தாழ்வாரத்து பெஞ்சில் கமலவேணி பறையை மடியில் வைத்துக் காத்திருந்தாள். ஐப்பசி அடைமழை. கடல் காற்றில் தோல் ஊறிப்போயிருந்தது. விரலால் தட்டினாள். அட்டைப் பெட்டியைத் தட்டினாற்போல் இருந்தது.

கலைப் பயிற்சி மையத்தில் ஒரே ஒரு நிரந்தர வேலை. இருபத்திரண்டு வருஷமாக அவள் வீதி நாடகம், கூத்தில் ராஜா வேஷம், கிராமியப் பாட்டு, பறை எல்லாம் பார்த்துவிட்டாள். சோற்றுக்குக் குருசுக்குப்பத்தில் மீன் ஆய்ந்து கொடுத்தாள். வருகிற டிசம்பரில், 2006 முடியும்போது, வயது நாற்பத்தைந்து முடிகிறது. அதற்குப் பிறகு அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

"அண்ணே, பின்பக்கம் ரெண்டு காயிதம் கொளுத்தி இதக் காய்ச்சிக்கிறேனே?" என்று பியூன் இராமதாஸிடம் கேட்டாள்.

"கவருமெண்டு ஆபீசும்மா. கொளுத்த வேற எடம் கெடைக்கலியா?"

"எம்பேரு எப்ப வரும்?"

"முன்னால மூணு பேரு இருக்காங்க. போய்ட்டு வா, ஆபீசு எங்க போயிடப் போவுது?"

எதிர்ச்சாரி டீக்கடையில் வீராயி பாலை இறக்கிவைத்து அடுப்பைக் கொடுத்தாள். "சீக்கிரம்டி, கஷ்டமரு மொறைக்கிறாங்க." அவசரப்பட்டால் தோல் வெடித்துவிடும். கமலவேணி பறையைத் தணலில் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். தோல் மெல்ல இறுகியது. தட்டினால் கணீரென்றது.

ஓடி வந்தபோது தாழ்வாரத்தில் தேவதாஸ் மட்டும் இருந்தான். அவளோடு பல நாடகங்களில் நடித்தவன், அவளைவிட ஏழு வயது சின்னவன்.

"மூணு பேர்ல ரெண்டு பேரு வர்லக்கா. ஒன்ன மூணு தரம் கூப்ட்டாங்க. அக்கா டீக்கடையில இருக்குதுன்னு சொன்னேன், கேக்கல."

கதவைத் தள்ளினாள். குழுத் தலைவர் விஜயராகவன் கண்ணாடியைக் கழற்றினார். பறையைப் பற்றி எண்ணூறு பக்கம் எழுதியவர். அதன் எடை மட்டும் அவருக்குத் தெரியாது.

"கலைஞனுக்கு நேரந்தாம்மா முதல் ஒழுக்கம். 'வரவில்லை'ன்னு எழுதியாச்சு. மையில எழுதினத மாத்த முடியாது."

"தோலு ஊறிடுச்சுங்கய்யா. காய்ச்சாம எப்பிடி அடிக்கிறது?"

"அதெல்லாம் வீட்லயே முடிச்சிட்டு வரணும்."

காலை ஒன்பது மணிக்கு வீட்டில் காய்ச்சித்தான் எடுத்து வந்திருந்தாள். அதைச் சொல்வதற்குள் இராமதாஸ் அவளை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினான்.

"தேவதாஸ்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அவன் எழுந்தான். தன் பறையைத் தட்டிப் பார்த்தான், சத்தம் எழவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் பறையைப் பார்த்தான். காய்ச்சிய பறையைக் கேட்டவருக்கு இல்லையென்கிற பழக்கம் அவர்கள் நாடகச் செட்டில் கிடையாது. அடி நின்றால் ஆட்டம் நின்றுவிடும்.

"கேக்க வாய் வர்லக்கா."

"நீ என்னிக்குடா வசனத்த மறக்காம பேசியிருக்க? புடி. சூடு ஆறிடும்."

உள்ளே அடி விழுந்தது. கதவுக் கண்ணாடி அதிர்ந்தது.

"பலே! இதுதான்யா நாதம்!" என்றார் விஜயராகவன்.

கமலவேணி பெஞ்சில் உட்கார்ந்தாள். தேவதாஸின் ஊறிய பறையை மடியில் வைத்து, உள்ளே விழுந்த அடிக்குக் கூடவே விரலால் அடித்தாள். பக்கத்தில் நின்ற இராமதாஸுக்குக்கூட அது கேட்கவில்லை.