உள்வட்டத்தில் கீறியது

ஆள் ஒருவர் கூடுதலாக ஏறிவிட்டால் லிஃப்ட் கத்தும் பாருங்கள், நகரவே மாட்டேன் என்று. அதையே மெக்கானிக் தன் கம்பெனிக்குப் பெயராக வைத்திருந்தாள். ஓவர்லோடு. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மின்னணு நடன இசையை ரெக்கார்டுகளாக, அந்தக் காலத்துக் கறுப்பு இசைத்தட்டுகளாக, வெளியிடும் கம்பெனி. அதன் தலைமை அலுவலகம் அவள் அண்ணன் வீட்டில் துணி காயப்போடும் அறை. பகலில் அவள் லிஃப்ட் பழுது பார்ப்பவள். அவளுடைய அண்ணி ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, "பேரு சொல்லுங்க, உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று நாள் முழுக்கச் சொல்பவள். வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால், கட்டிய கணவன் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். நாத்தனாரும் அண்ணியும் கூட்டுச் சேர்ந்தால் ஆறு மாதம் தாங்காது என்று உறவுக்காரர்கள் ஆரூடம் சொன்னார்கள். நான்கு வருடம் ஓடிவிட்டது. ஆரூடம் சொன்னவர்கள்தான் இப்போது ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை.

அதுவரை வந்த நான்கு ரெக்கார்டுகளும் விற்றதைவிடக் கட்டிலுக்கடியில் கிடந்ததுதான் அதிகம். இஸ்திரி மேசையின் ஒரு கால் இரண்டாவது ரெக்கார்டின் பெட்டிமேல்தான் நின்றது. இந்த முறை ஒரே நாளில் இரண்டு வெளிவர இருந்தன. இரண்டும் அண்ணி இசை போட்டவை. ஒன்றின் பெயர் 'மேலே', இன்னொன்று 'கீழே'. பழைய கட்டிடம் ஒன்றின் லிஃப்ட் மோட்டார் முனகுவதை மெக்கானிக் போனில் பதிவு செய்து வந்திருந்தாள். அண்ணி அந்த முனகலை எடுத்து, மாடிக்கு மாடி ஒரு தாளத்தை ஏற்றி, ஏழு நிமிடம் கதவைத் திறக்காமலே வைத்திருந்தாள். கேட்டவர்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

முன்னோட்டமாக அனுப்பிய பதிவைப் பெரிய டிஜே ஒருவர் ஒரு பெரிய அரங்கில் போட்டார். அவரை எல்லோரும் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடாதவர்களுக்கு அந்தத் தொழிலில் வேலை இருக்காது. கூட்டம் 'மேலே'யை மூன்று முறை கேட்டு வாங்கியதாம். மறுநாளே விநியோகஸ்தர் போன் செய்தார். இருபது ஊர்க் கடைகளில் ரெக்கார்டை வைக்கத் தயார் என்றார். மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஒரே ஒரு விஷயங்க," என்றார் விநியோகஸ்தர். "தலைவர் அதுல கைவச்சிருக்காரு. பாஸ் சத்தத்தைக் கொஞ்சம் ஏத்தி, பாலிஷ் பண்ணிருக்காரு. ஸ்டிக்கர்ல அவர் பேரு பெருசா வரட்டும். அந்தப் பொண்ணு பேரைக் கீழ உதவின்னு போட்டுக்கலாம்."

"பாட்டுல எதையாவது மாத்தினாரா?"

"மாத்தலைங்க. ஏத்தினாரு."

ஒரு திருகைத் திருகுகிறவரெல்லாம் இசையமைப்பாளர் என்றால், லிஃப்ட் பொத்தானை அமுக்குகிறவரெல்லாம் லிஃப்டைக் கட்டியவர்தான். மெக்கானிக்குக் கொதித்தது. ஆனால் கட்டிலுக்கடியில் கிடக்கும் பெட்டிகளும் கண்ணில் பட்டன. "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

"பேரு என்ன சோறா போடப்போகுது?" என்றான் அண்ணன்.

அண்ணி துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். "விடு. பாட்டு வெளிய போனா போதும்," என்றாள். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள்.

மெக்கானிக் விநியோகஸ்தரைக் கூப்பிட்டு, சரி என்று சொல்லிவிட்டாள். 

மறுநாள் காலை ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து அவள் கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, ஊசி என்று எல்லோரும் அழைக்கும் பெரியவர் போனில் கூப்பிட்டார். முதல் தட்டில் இசையைக் கோடாக வெட்டிக் கொடுப்பவர் அவர்தான். அந்தத் தட்டைப் பார்த்துத்தான் அச்சு எடுப்பார்கள். அச்சிலிருந்துதான் எல்லாப் பிரதியும் பிறக்கும். முப்பது வருடம் சத்தத்தோடு குடித்தனம் நடத்தியதில் ஊசிக்குக் காது பாதி போய்விட்டது. கை மட்டும் இம்மி பிசகாது.

ரெக்கார்டில் பாட்டு முடியும் இடத்துக்கும் மையத்தில் ஒட்டிய ஸ்டிக்கருக்கும் நடுவே விரல் அகலத்துக்கு ஒரு வெறும் வளையம் இருக்கும். அதில் ரெக்கார்டின் எண்ணோடு, பிடித்த ஏதாவது ஒரு வரியையும் ஊசியால் கையாலேயே கீறிவைப்பது அந்தத் தொழிலில் ஒரு வழக்கம். ஓவர்லோடின் முதல் ரெக்கார்டில் 'ஆறு பேர் மட்டும்' என்று இருக்கும். இரண்டாவதில் 'கதவில் சாயாதீர்'. எல்லாம் மெக்கானிக் சொல்லி ஊசி கீறியவை.

"உள்வட்டத்துல என்னம்மா எழுதட்டும்?" என்றார் ஊசி.

"ஒண்ணும் வேணாம்ணே," என்றாள் அவள் மெதுவாக.

"என்னது? கேக்கலை. என்ன எழுதட்டும்?"

எங்கிருந்துதான் வந்ததோ, அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. எட்டு மாடிக் குழி எதிரொலிக்க அவள் கத்தினாள். "இது என் அண்ணி போட்ட பாட்டுண்ணே, எவன் பேரு போட்டாலும்."

"சரிம்மா, புரிஞ்சுது," என்று ஊசி வைத்துவிட்டார். தன் மனசைப் புரிந்துகொண்ட ஒரு மனிதராவது இருக்கிறாரே என்று அவளுக்குக் கண் கலங்கியது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் சோதனைப் பிரதிகள் வந்தன. இரண்டிலும் ஐந்தைந்து; எல்லாவற்றிலும் எதுவும் அச்சிடாத வெள்ளை ஸ்டிக்கர். சோதனைப் பிரதி எப்போதும் அப்படித்தான் வரும். கேட்டுப் பார்த்து இவர்கள் தலையாட்டிய பிறகுதான் மீதியை அடிப்பார்கள். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு 'மேலே'யைக் கேட்டாள். மெக்கானிக் இன்னொரு பிரதியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். வளையத்தில் பொடிப்பொடியாக எழுத்து. தட்டைச் சுற்றிச் சுற்றித்தான் படிக்க வேண்டியிருந்தது.

'இது என் அண்ணி போட்ட பாட்டு.'

அவள் அவசரமாகக் 'கீழே'யை உருவினாள். 'எவன் பேரு போட்டாலும்.'

உடனே ஊசியைக் கூப்பிட்டாள். "நீதானேம்மா சொன்ன?" என்றார் அவர். "நீளமா இருந்துச்சு, அதான் ரெண்டு தட்டுலயும் பிரிச்சுப் போட்டேன். நல்லாத்தான் இருக்கு." அவள் எதைச் சொன்னாலும் எழுத்துப் பிசகாமல் அப்படியே கீறுகிற மனிதர் அந்த ஒரு 'ண்ணே'யை மட்டும் விட்டிருந்தார். அதற்காவது நன்றி சொல்ல வேண்டும்.

அதற்குள் அண்ணி வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். படித்தாள். அடுத்ததையும் படித்தாள்.

"நீ அவங்ககிட்ட சரின்னு சொன்னதுக்கு அப்புறமா இதைச் சொன்ன?"

"ஆமா அண்ணி. சரின்னு சொன்னது வாய்தான்."

அண்ணி தட்டை உறையில் போட்டாள். "நான் விடுன்னு சொன்னதும் வாய்தான்," என்றாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

பிரதி விநியோகஸ்தருக்கும் போயிருந்தது. பத்து மணிக்குள் கூப்பிட்டுவிட்டார். "என்னங்க இது? தலைவருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியட்டும்னுதான் எழுதிருக்கு," என்றாள் மெக்கானிக். இவ்வளவு நேரம் அது ஒரு தவறு. அவள் அதைச் சொன்ன அந்த நொடியிலிருந்து தவறு இல்லை.

"மறுபடி வெட்டச் சொல்லுங்க. இல்லைன்னா எந்தக் கடைக்கும் நாங்க எடுத்துட்டுப் போக மாட்டோம்."

"வேணாங்க. நாங்களே எடுத்துட்டுப் போறோம்."

இருபது ஊரை ஒரு வாக்கியத்தில் வேண்டாம் என்றுவிட்டுப் போனை வைத்தாள். 

மீதிப் பிரதிகளுக்கு ஸ்டிக்கரில் என்ன அச்சிடுவது என்று அச்சகத்தில் கேட்டார்கள். "வெள்ளையாவே இருக்கட்டும்," என்றாள் அண்ணி. முந்நூறும் முந்நூறும் வந்து இறங்கியதும் கறுப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முதல் ஸ்டிக்கரில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் எழுதினாள்: அண்ணி.

"உன் பேரை எழுதலையா?" என்றாள் மெக்கானிக்.

"என் பேரைத்தான் உதவின்னு போடுறாங்களே. அண்ணிய எப்படிப் போடுவாங்கன்னு பாப்போம். வேணுங்கிறவன் வாய் நிறையக் கூப்பிட்டு வாங்கட்டும்."

"அப்ப நானும் அண்ணின்னுதான் கூப்பிடணுமா?" என்றான் அண்ணன். இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டு பெட்டி தூக்கப் போய்விட்டான்.

கடைகளுக்கு மெக்கானிக்கே போனாள். லிஃப்ட் ஓடும் கட்டிடம் எதுவானாலும் அங்கே அவளுக்கு ஒரு காவலாளியையாவது தெரியும். சரக்கு லிஃப்ட் எது, பின்வாசல் எது என்பதும் அத்துப்படி. விநியோகஸ்தருக்குப் பயந்து இரண்டு கடைக்காரர்கள் கதவோடு திருப்பி அனுப்பினார்கள். பதினொரு பேர் போட்டுக் கேட்டார்கள். கேட்டு முடித்து, வெளிச்சத்தில் சாய்த்து, சுற்றிச் சுற்றிப் படித்தார்கள். படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? 'மேலே' வாங்கியவன் வாக்கியம் பாதியில் நிற்கிறதே என்று 'கீழே' கேட்டு வந்தான். தாடி வைத்தவர்கள், பச்சை குத்தியவர்கள், பேரன் எடுத்தவர் ஒருவர், எல்லோரும் கடை வாசலில் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அண்ணி இருக்கா? இரண்டாவது மாதம் கட்டிலுக்கடியில் காற்றோட்டம் வந்தது. மறுபடி அச்சுக்குக் கொடுத்துவிட்டு, கேட்டவர்களின் பெயரை அண்ணி ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள்.

ஒரு விடுமுறை நாள் மதியம் போன் அடித்தது. அண்ணிதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"வணக்கம்," என்றது ஒரு கனத்த குரல். "அது... அண்ணி இருக்காங்களா?"

"நான்தான். சொல்லுங்க."

"அந்த ரெண்டு ரெக்கார்டும் வேணும். போற இடமெல்லாம் கேக்குறாங்க. நான் யாருன்னு குரல்லயே தெரிஞ்சிருக்குமே."

மெக்கானிக்கின் கையில் டேப் நின்றுவிட்டது. தலைவர்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணிக்கும் தெரிந்துதான் இருந்தது.

அண்ணி நோட்டைப் பிரித்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள். மருத்துவமனையில் நாள் முழுக்கப் பேசுகிற அதே குரலில் கேட்டாள்.

"பேரு சொல்லுங்க."

மறுமுனையில் ஒரு செருமல். பிறகு, பல வருடங்களாக யாரும் கேட்காத, அவர் அப்பா அம்மா வைத்த பெயரை அந்தக் குரல் மெதுவாகச் சொன்னது.

"எழுதிக்கிட்டேன் தம்பி," என்றாள் அண்ணி. "உங்களுக்கு முன்னாடி நாப்பது பேரு இருக்காங்க. உட்காருங்க, கூப்பிடுறோம்."