இங்கு நாட்டுக் கன்றுகள் மட்டும்

அந்தியூர் நாற்றுப்பண்ணையில் என் மனைவி கோகிலவாணி வேர் விட்டுவிட்டாள். வாசலுக்கு வைக்க ஏதாவது நாட்டு மரக்கன்று வாங்கப் போயிருந்தோம்.

பண்ணை வாசலில் அவள் செருப்பைக் கழற்றியதுதான் வினை. கோயிலோ கடையோ, வாசல் என்று ஒன்றைக் கண்டால் போதும், கழற்றிவிடுவாள். நான் ஷூ போட்டிருந்தேன். லேஸ் அவிழ்க்கச் சோம்பல்.

இலுப்பைக்கும் வெப்பாலைக்கும் நடுவே, ஈர மண்ணில் நின்று பெயர்ப்பலகைகளைப் படித்தாள். கிளம்பலாம் என்றேன். கால் வரவில்லை என்றாள்.

பண்ணைக்காரர் சென்னியப்பன் வந்து குனிந்து பார்த்தார்.

"அம்மிணிக்குச் சொந்த ஊரு?"

"இங்கதானுங்க, தவுட்டுப்பாளையம். கட்டிக்குடுத்தது சேலத்துக்கு."

"அப்பப் புடிச்சுக்குமுங்க" என்றார். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"நான் அவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றேன்.

"ஏற்கெனவே ஒருக்காப் புடுங்கி நட்டதுங்க. மறுக்காப் புடுங்குனா தாங்காது."

என் கல்யாணத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பயம் வந்துவிட்டது. ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு அவளருகே நின்றேன். சென்னியப்பன் பூவாளியால் என் காலுக்கும் தண்ணீர் விட்டார். வெயில் இடம் மாறியது. அவளுக்கு முழங்கால்வரை பட்டை ஏறியது. எனக்குச் சேற்றுப்புண் வந்தது.

அவர் என்னை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். சுலபமாக வந்தேன்.

"இது ஆவாதுங்க" என்று நடைபாதையில் வைத்தார்.

"வலிக்குதா?" என்று அவளைக் கேட்டேன்.

"இல்லீங்க. நல்லாத்தான் இருக்குது."

எனக்கு வலித்தது.

"நான் இப்ப என்ன பண்றது?"

இடுப்புவரை பட்டையோடு யோசித்தாள். "அரிசி ஊறப் போட்டுட்டு வந்தேனுங்க. போயி ஆட்டி வையுங்க."

அவள் செருப்பை எடுத்துக்கொண்டு சேலம் பேருந்தில் ஏறினேன். அரிசி நன்றாக ஊறியிருந்தது. ஆட்டினேன். உப்பு எவ்வளவு என்று வழக்கம்போல் உள்ளறையைப் பார்த்துக் கேட்டேன்.

விடிந்ததும் மாவுச் சட்டியோடு திரும்ப அந்தியூருக்கு ஓடினேன். பண்ணைக்கு அன்று விடுமுறை. வேலிக்குள்ளே எல்லா மரமும் ஒரே உயரத்தில் நின்றன.

"உப்பு எவ்வளவு?" என்று கத்தினேன்.

அத்தனை மரங்களும் ஒன்றாகப் பதில் சொன்னன. அதில் எது அவள் குரல் என்று எனக்குத் தெரியவில்லை.