மேனேஜருக்கு வழி

அந்த மத்தியானம் மாடி வீட்டின் பின்பக்க நடையில் இருந்தவர்கள்: ஸ்டூல் மேல் தம்பி, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அக்கா, சுவரில் சாய்ந்து வேலை வாங்கிக்கொண்டு அவள் புருஷனான மாமா, அப்புறம் மேனேஜர். மேனேஜர் என்பது பூனை. ஒரு வேலையும் செய்யாமல் எல்லா இடத்தையும் மேற்பார்வை பார்ப்பதால் மாமா வைத்த பெயர்.

திருடன் பயம் என்று மாமா போனில் சொல்லியிருந்தார். கீழே அவருடைய பேட்டரிக் கடை, மேலே வீடு; முன்படி கடைக்குள்தான் இறங்கும். பின்கதவைத் திறந்தால் இரும்புப் படிக்கட்டு நேராகத் தெருவில் இறங்கும்; யார் போனாலும் வந்தாலும் கடையில் இருப்பவருக்குத் தெரியாது. நைட் ஷிஃப்ட் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் முடங்கிக் கிடந்த தம்பிக்கு, உன்னால் ஒரு காரியம் ஆகணும் என்று ஒருவர் கூப்பிட்டதே பெரிய விஷயமாக இருந்தது. ஒரு சென்சார், தீப்பெட்டி அளவு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, கடை வரைக்கும் இழுத்த ஒயரின் முனையில் ஒரு ஹாரன். நடையில் உடம்புச் சூடு அசைந்தால் சென்சாருக்குத் தெரியும்; போர்டு ஹாரனை அலறவிடும். அவ்வளவுதான் சங்கதி.

துளை போட்டதில் சுவர்த் தூள் தரையெல்லாம் மாவு மாதிரி கொட்டிக் கிடந்தது. அக்கா துடைப்பம் எடுக்கத் திரும்பினாள். அப்புறம் பெருக்கிக்கலாம், ஸ்டூலை விடாதே என்றார் மாமா.

தம்பி கீழே இறங்கி லேப்டாப்பைத் திறந்து, ராத்திரி எத்தனை மணிக்கு ஆன் ஆகணும் என்று கேட்டான்.

"ராத்திரி எதுக்கு மச்சான்? ராத்திரிதான் நான் இருக்கேன்ல. நான் கடைக்கு இறங்கினா ஆன், ஏறி வந்தா ஆஃப். நைட் ஷிஃப்ட் ஒத்துக்கலன்னு ஓடி வந்தவன் நீ, உன் மிஷினுக்கு மட்டும் எதுக்கு?"

தம்பியும் பாதி சிரித்துவிட்டான். பிறகுதான் உறைத்தது. பகலில் இந்த வீட்டில் இருப்பது அக்கா மட்டும். போன மாதம் ஒரு பையோடு இந்தப் படிக்கட்டில் இறங்கி பஸ் ஸ்டாண்டு வரை போனவளை மாமா போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். புருஷன் பொண்டாட்டி சண்டை, நாம் ஏன் மூக்கை நுழைக்கணும் என்று வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவனும்தான். அன்றிலிருந்து அவள் போன் ரிப்பேர் என்றார்கள். இன்றைக்கும் ரிப்பேரில்தான் இருந்தது.

மாமா அவளை நடக்கச் சொன்னார். நடந்தாள், கீழே ஹாரன் அலறியது. சுவரை ஒட்டி நட என்றார். மெதுவாக நட என்றார். எல்லாவற்றுக்கும் அலறியது. மேனேஜர் நடந்ததற்கும் அலறியதும் அவர் முகம் சுருங்கியது. மேனேஜர் இஷ்டத்துக்குப் போக வர இருக்கணும், அவனுக்கு ஹாரன் அடிக்கக் கூடாது என்றார். தம்பி சென்சார் கண்ணின் கீழ்ப்பக்கத்தில் கறுப்பு டேப்பை ஒட்டினான். பூனை சத்தமில்லாமல் கடந்து ஜன்னலில் ஏறி உட்கார்ந்தது. மாமா திருப்தியாக ஹாரனைப் பார்க்கக் கீழே இறங்கினார்.

அக்கா சென்சாரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு உயரம் வரைக்கும்டா அதுக்குத் தெரியாது?"

"முட்டி வரைக்கும்."

"இன்னும் கொஞ்சம் பெரிய பூனைன்னா?"

அவன் ஸ்டூலில் ஏறி இன்னொரு துண்டு டேப் ஒட்டினான். அவன் இறங்கி ஒதுங்கியதும் அக்கா கறுப்பு நைட்டியைச் சேர்த்துப் பிடித்து மண்டியிட்டாள். கையை ஊன்றி, தலையைத் தாழ்த்தி, சொந்த வீட்டில் நாலு காலில் கதவு வரைக்கும் போனாள். தாழ்ப்பாள் அடியில்தான் இருந்தது, எட்டித் தொட்டாள். போர்டில் சிவப்பு விளக்கு எரியவில்லை, ஹாரன் அலறவில்லை.

அப்படியே திரும்பி வந்து எழுந்தாள். "நாளைக்குக் காலைல தெருமுனைல நில்லு. கடைல கூட்டம் சேர்ந்ததும் வரேன்."

அவன் தலையாட்டுவதற்குள் மாமா ஏறி வந்தார். அவளை இன்னொரு தடவை நடக்கவிட்டார். அலறியது. தம்பியின் முதுகில் தட்டினார். கை அங்கேயே நின்றது, கண் அக்காவின் கறுப்பு நைட்டிக்குப் போனது.

"முட்டில என்ன வெள்ளையா?"

"ஸ்க்ரூ விழுந்துச்சு மாமா. அக்காதான் தேடிக் குடுத்தா."

மாமா தரையைப் பார்த்தார். தூளில் மேனேஜரின் கால்தடம் பொட்டுப் பொட்டாக இருந்தது. அதன் பக்கத்திலேயே இரண்டு அகலமான கோடுகள் ஸ்டூலிலிருந்து கதவு வரைக்கும் போய்த் திரும்பியிருந்தன. அக்கா அதற்குள் துடைப்பத்தை எடுத்திருந்தாள், ஆனால் பெருக்கவில்லை.

"நல்லாப் பண்ணியிருக்க மச்சான். கிளம்பு, இருட்டிடப் போகுது."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவரே குனிந்து தாழ்ப்பாளை நீக்கினார். இருந்துட்டுப் போறேனே என்று தம்பி சொன்னது அவனுக்கே கேட்கவில்லை. படிக்கட்டில் கால் வைத்தபோது மேனேஜரும் அவன் காலிடுக்கில் நுழைந்து வெளியே வந்துவிட்டது. அதை மாமா கூப்பிடவில்லை. கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. உள்பக்கம் கதவோரத்து ஆணியில் வருஷக்கணக்காகத் துருவேறித் தொங்கிய சாவியை வரும்போதே அவன் பார்த்திருந்தான். இப்போது அது பூட்டுத் துளைக்குள் நுழைந்தது, சிக்கியது, கரகரவென்று முழுசாக ஒரு சுற்று திரும்பியது.